கோர்விசியின் பதில்

1681 பிப்ரவரி 3, திங்கள்

குளிரில் கால்விரல்கள் வீங்கிவிட்டன. நீதிமன்றத்தில் ஒரு திராட்சைத் தோட்டப் பத்திரத்தைப் படியெடுத்ததிலேயே பொழுது போயிற்று. கோர்விசி வீட்டுக்குப் போகவில்லை. நேற்று, மெழுகுவர்த்தித் திருநாளும் அதுவுமாக, கேப்டன் தோர்னே கொடுத்த கடிதத்தை அவரிடம் சேர்த்தேன். "நாளைக்கு வந்து பதிலை வாங்கிட்டுப் போ" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது வாள்சண்டைக்கு அழைக்கும் கடிதம் என்று புரிந்தது. கொண்டுபோனவனுக்கும் தண்டனை உண்டு. மறுபடி அந்த வாசலில் போய் நிற்க எனக்கென்ன பைத்தியமா?

பிப்ரவரி 4

கோர்விசி செத்துவிட்டார். தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் பின்னால், தோர்னேயின் வாளால். தோர்னே எல்லை தாண்டிவிட்டானாம்.

பிப்ரவரி 6

லூயி அரசரின் சட்டம் பிணத்தையும் விடாது. அழைப்பை ஏற்றுச் சண்டைக்குப் போனவர் என்று தீர்ப்பானால், உடலைக் குப்புறப் போட்டுத் தெருவில் இழுத்துப்போய்த் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வீடும் தோட்டமும் அரசருக்கு. மனைவியும் இரண்டு பெண்களும் தெருவில். பிணத்தின் சார்பில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீதிபதி என்னை நியமித்திருக்கிறார். என்னைப் போய். மறுத்தால் காரணம் கேட்பார். கடிதமே வரவில்லை, தற்செயலாக மோதிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தக் குடும்பமும் தப்பும், நானும் தப்புவேன்.

பிப்ரவரி 7

சிறையில் பிணத்துக்கு உப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். காவலாளி துஸ்ஸான், "பேச்சுக் கொடுத்துப் பாருங்கய்யா. பதில் சொன்னா என்னையும் கூப்பிடுங்க" என்று சிரித்தான்.

வெளியே அவர் மனைவி, மதாம் கோர்விசி, நின்றிருந்தாள். "அவரு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8

இன்று ஒரு பத்திரப் படியில் என் பெயருக்குப் பதில் 'கோர்விசி' என்று கையெழுத்திட்டிருக்கிறேன். எழுத்தும் என் எழுத்து இல்லை.

பிப்ரவரி 10

விசாரணை. பிணத்தை நாற்காலியில் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் பின்னால் நின்றேன். 'நான்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"சண்டைக்கு அழைத்துக் கடிதம் வந்ததா?"

இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா அதுக்குத்தான் திறந்தேன்.

"வந்துச்சு. கொண்டாந்தவன் என் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறான். 'வர மாட்டேன், எனக்குப் பிள்ளைங்க இருக்கு'ன்னு அதோட பின்பக்கத்துலயே எழுதி வச்சேன். திங்கக்கிழமை முழுக்க ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தேன். வாங்கிட்டுப் போக அவன் வரலை. மறுநாள் தோர்னே வழிமறிச்சான். இடது பூட்ஸ்ல பாருங்க."

பார்த்தார்கள். கடிதம் உப்பில் ஊறிப்போய் உள்ளே இருந்தது.

மதாம் கோர்விசி என் வாயையே பார்த்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

மார்ச் 2

கோர்விசியைக் கோயில் மண்ணிலேயே புதைத்துவிட்டார்கள். வீடு அவளுக்கே. கடிதம் கொண்டுபோனதற்காக எனக்கு மார்செய் துறைமுகத்து அரசுக் கப்பலில் ஒன்பது வருடம் துடுப்பு வலிக்கும் தண்டனை.

துஸ்ஸான் என் சிறையறைக்குச் சூப் கொண்டுவந்தான். "இன்னும் பேசுறாராய்யா?" இப்போது அவன் சிரிப்பதில்லை.

இல்லையென்று தலையை மட்டும் அசைத்தேன். தீர்ப்புக்கு முன்னால் என் பக்கத்தைச் சொல்லச் சொன்னார்கள். பயந்துதான் போகவில்லை, அவர் சாவார் என்று நினைக்கவில்லை – இவ்வளவுதான் சொல்ல இருந்தது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.