பத்து நிமிடம் நிறுத்திய பம்ப்

பிரின்ஸ் எட்வர்டு, ஹாங்காங்
புதன்கிழமை, பிற்பகல்

அன்புள்ள யீ-லாம்,

இங்கு நான் நலம். கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. இந்த ஒரு வாக்கியம் உண்மை என்று உனக்குக் காட்டத்தான் மீதிக் கடிதத்தை எழுதுகிறேன். நீயும் மான்செஸ்டர் மழையில் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். உன் அத்தை அகதா நார்த் பாயிண்டில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்வதுபோல் நான் மறுபடியும் துக்கம் காக்கத் தொடங்கவில்லை, இருட்டில் உட்கார்ந்து அழவில்லை, மீன்களோடு பேசவில்லை, பம்பை நிறுத்திவிட்டு மறக்கவும் இல்லை. கறுப்பு உடை உடுத்தியது உண்மை. நடுப்பகலில் திரையை மூடியது உண்மை. பம்பை நிறுத்தியதும் நான்தான். மூன்றையும் ஒரு புகைப்படத்துக்காகச் செய்தேன். அந்தப் புகைப்படத்தைக் கேட்டது நீ.

தொட்டி இங்கே வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் தம்பி அதைத் தனக்காகத்தான் வாங்கினான். எட்டாவது மாடியில் தன் வீட்டில் இறக்கப் போனபோது அவன் மனைவி மேபல், "உன் கடலக் கொண்டுபோய் எங்க வைக்கப்போற, கட்டில் மேலயா? உப்புல என் பியானோ துருப்பிடிச்சா அப்புறம் உங்கம்மாவா வந்து சரிபண்ணுவாங்க?" என்று கேட்டாளாம். ஆகவே அது மூன்று மாடி ஏறி என்னிடம் வந்தது, உன் அப்பாவின் நாற்காலி இருந்த இடத்துக்கு. "மம்மி, உங்களுக்கும் துணையா இருக்கும்" என்றான் பாக்-ஹின். துணை வேண்டும் என்று நான் யாரிடமும் விண்ணப்பம் போட்டதில்லை. வாராவாரம் வந்து தண்ணீர் மாற்றுவேன் என்றான், இரண்டு வாரம் வந்தான். மூன்றாவது வாரத்திலிருந்து நானே கற்றுக்கொண்டேன், எதையும் அரைகுறையாகச் செய்யப் பள்ளியில் எங்களைக் கன்னியாஸ்திரீகள் பழக்கவில்லை. கல்லும் மணலும் அடுக்கிக் கடல்நீர் ஊற்றி, ஆறு வாரம் ஓர் உயிரைக்கூட விடாமல் காத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கல்லில் குடியேறுவதற்கு முன் மீனை விட்டால் அது தன் கழிவாலேயே செத்துப்போகும். அந்த நாட்களில் வெறும் கல்லைப் படம் எடுத்து அனுப்பினேன், "மம்மி, மீன் எங்க? கல்லறை மாதிரி இருக்கு" என்று பதில் எழுதினாய். பிறகு கோமாளி மீன்கள் ஒரு ஜோடி, மீசை நீண்ட ஓர் இறால், பச்சை விரல்கள் போல ஆடும் பவளம், காளான் போல விரியும் பவளம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தொட்டியில் ஆவியாகிக் குறையும் அளவுக்கு ஒவ்வொரு காலையும் உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிவிடும். அதனால் அது வந்த நாள் முதல் நான் ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. மக்காவ் நகரில் என் பள்ளித் தோழிகள் கூடியபோதுகூடப் போகவில்லை. அப்போது என்னைக் கட்டிப்போட்டது தொட்டி மட்டும்தான் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை.

துங் சோய் தெருவில் கடல்நீர் விற்கும் லோக்கைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருபவர், என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் ஆசிரியை அல்ல, கப்பல் கம்பெனியில் முப்பத்தொரு ஆண்டு தட்டச்சு செய்தவள் என்று சொன்னேன், "என் கடைப் பலகையில தப்புக் கண்டுபிடிச்சீங்களே, அப்ப டீச்சரம்மாதான்" என்று முடித்துவிட்டார். செப்டம்பரில் நீ எழுதினாய் அல்லவா, படம் எல்லாம் ஒரே நீலமாக இருக்கிறது, நடுவில் என் பூப்போட்ட சட்டைதான் தெரிகிறது, மீனைக் காணோம், நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பினால் சட்டம் போட்டு மாட்டுவேன் என்று. அந்தக் கடிதத்தை லோக்கிடம் காட்டினேன். அவர் சொன்னது இது: "கண்ணாடியப் படம் எடுக்கிறவங்க கண்ணாடியில விழக்கூடாது டீச்சரம்மா. அறையில ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கக்கூடாது, உடம்புல வெள்ளை, பூ, பொத்தான் எதுவும் கூடாது, கறுப்பா உடுத்திக்குங்க. நீல விளக்குக்கு ஆரஞ்சு மிட்டாய்த் தாள லென்சுக்கு முன்னால பிடிங்க. பம்ப நிறுத்தினாத்தான் தூசு அடங்கும், பவளம் ஆடாம நிக்கும், ஆனா பத்து நிமிஷம், அதுக்கு மேல கூடாது, மீனுக்கு மூச்சு முட்டிடும். மீனத் துரத்தாதீங்க, சும்மா உக்காந்திருந்தா அதுவே யாரு புதுசான்னு பாக்க வரும்." என்னிடம் பொத்தானில்லாத கறுப்பு உடை ஒன்றுதான் உண்டு, அது உன் அப்பாவின் அடக்கப் பூசைக்குத் தைத்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அதை உடுத்திக்கொண்டேன். திரைகளை மூடினேன், நீ விட்டுப்போன கேமராவை எடுத்துக்கொண்டேன், மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு இரண்டு பம்பையும் நிறுத்தினேன், அடுப்படியில் முட்டைக்கு வைக்கும் சிவப்பு மணிக்கடிகாரத்தைப் பத்து நிமிடத்துக்குத் திருகி மடியில் வைத்துக்கொண்டேன். பதினோரு படங்கள் எடுத்தேன். ஆறாவது படத்துக்குள் ஜோடி இரண்டும் கண்ணாடியருகே வந்து என்னைப் பார்த்தன, லோக் சொன்னது சரி. பன்னிரண்டாவதை எடுக்கும்போது விளக்கு எரிந்தது. மேபல் தன் சாவியால் திறந்து சூப் கொண்டுவந்திருந்தாள், மணி அடிக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. நான் வாய் திறப்பதற்குள், "ஐயோ அத்தை, எத்தன நாளா இப்படி இருட்டுல உக்காந்திருக்கீங்க?" என்று கத்தினாள், அடுத்த நொடி தொலைபேசியில் பாக்-ஹினிடம், "வந்துருச்சு, மாமாவுக்கு வந்தது இவங்களுக்கும் வந்துருச்சு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, உங்க மகன் கீழே நிற்கிறார், சீக்கிரம் வாங்க என்றாள். அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுச் செருப்போடு இறங்கினேன், அன்று நான் செய்த ஒரே தவறு அது. பம்பைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று வாசலிலேயே சொன்னேன். "சரி சரி, வந்து போட்டுக்கலாம்" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும், உன் அப்பாவிடம் நான் பேசிய குரல்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்சி என்னைத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது, அதில் கடிகாரம் அடித்தது. பம்ப், பம்ப், திரும்பிப் போக வேண்டும் என்று நான் சத்தம் போட்டது உண்மை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என் வண்டியில எதுவும் நிக்கல பாட்டி, நல்லாத்தான் ஓடுது" என்றார். மேபல் அவருக்குக் கண்ணைக் காட்டினாள். மருத்துவரிடம் நான் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவள் முந்திக்கொண்டு, நான் பையில் முட்டைக் கடிகாரத்தோடு திரிவதாகச் சொன்னாள். அந்தப் பையன் மருத்துவர் இன்று என்ன தேதி என்று கேட்டார், சொன்னேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார், இரண்டு வரை வந்துவிட்டுப் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகட்டுமா என்று கேட்டேன். என்னைப் பதற்றமானவள் என்று எழுதிக்கொண்டார். ஐந்து மணி நேரம் கழித்து வீடு திரும்பினோம். நான் ஓடிப்போய்ப் பம்பைப் போட்டேன், பெரிய கோமாளி மீன் மணலில் பக்கவாட்டில் கிடந்தது, இறால் கல்லிடுக்கில் வெளுத்துக் கிடந்தது. பாக்-ஹின் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு, "மறந்துட்டாங்க பாரு" என்றான். என்னிடம் சொல்லவில்லை, என் முன்னால் மேபலிடம் சொன்னான். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் வாசலின் இரும்புக் கம்பிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி அவர்கள் இருவரிடம் மட்டும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன், "கூப்பிடுங்க மம்மி, மூணு மாடிதானே, ஓடி வந்துடுவேன்" என்றான். கீழே தபால் பெட்டியின் சாவியும் மேபலிடம். அலமாரியில் ஒரு சின்னக் கேமரா வைத்திருக்கிறான், மீன்களைப் பார்த்துக்கொள்ளவாம், ஆனால் அதன் கண் தொட்டியின் பக்கம் இல்லை, என் நாற்காலியின் பக்கம். சாயங்காலத்தில் அதற்குள்ளிருந்து, "மம்மி, மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் வருகிறது. எழுபத்தெட்டு வயதில் ஓர் அலமாரிக்குப் பதில் சொல்கிறேன். சனிக்கிழமை மேபலோடு சந்தைக்கு, ஞாயிற்றுக்கிழமை அவனோடு பூசைக்கு, மற்ற ஐந்து நாளும் இந்த இரண்டு அறை. இதை அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதன் கண் படாத இடம் இது ஒன்றுதான். மேபல் போன வாரம், "அத்தை, நீங்களும் மீனும் இப்ப ஒண்ணுதான், வேளாவேளைக்குச் சாப்பாடு, வெளியுலகக் கவலையே இல்ல" என்றாள். அதை நகைச்சுவை என்று நினைத்திருக்கிறாள். நீயாவது பதிலில் அதைத் திரும்ப எழுதாதே.

உன் தம்பி கெட்டவன் அல்ல, பயந்தவன். உன் அப்பா கடைசி ஆண்டில் வீட்டுச் செருப்போடு கிளம்பிப் போய் இரண்டு நாள் காணாமல்போனாரே, படகுத்துறை பெஞ்சில் அவரைக் கண்டுபிடித்தது அவன்தான், நனைந்த கால்சட்டையோடு. அதன்பின் கதவைப் பூட்டியது யார் என்று நீ கேட்டதில்லை. நான். உன் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேன்-ஷூன், நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார். சூப் ஆறுகிறது, வாருங்கள் என்றேன். அது சரியா என்று இத்தனை நாள் நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை, இப்போது ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், கம்பியின் அதே பக்கத்தில் நின்றுகொண்டு. ஆனால் அவருக்கு என் பெயர் மறந்துகொண்டிருந்தது, எனக்கு எதுவும் அப்படி இல்லை. பாதி உண்மை முழுப் பொய் என்று படித்தவள் என்பதால் இதையும் எழுதுகிறேன்: இந்த ஆண்டு நான் மறந்தவை இரண்டு. கோவிலில் குடையை விட்டுவந்தேன். உன் அப்பாவின் நினைவுப் பூசையை ஒரு நாள் தள்ளிப் பதிவு செய்துவிட்டேன், இரண்டாவதற்காக நான் அழுதேன். மூன்றாவது இருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துன் முன் பகுதியில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறார்கள், ஓர் அறைக்கு நான்கு கட்டில். இந்த வீட்டை உன் அப்பா உங்கள் இருவர் பெயரிலும் எழுதியதால் உன் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்று எனக்குத் தெரியும், அந்தப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான். திங்கட்கிழமை மேபல் என் சமையலறையில் நின்று யாரிடமோ, "அக்கா சம்மதிச்சாச்சு, பேப்பர் வந்து சேரணும், அவ்வளவுதான்" என்று பேசினாள். எனக்குக் காதும் மந்தம் என்று எண்ணிவிட்டாள் போலிருக்கிறது. நீ சம்மதித்தாயா என்பது எனக்குத் தெரியாது. தொலைபேசியில் நீ என்னிடம், "கவலப்படாதீங்க மம்மி, எல்லாம் பேசிக்கலாம்" என்கிறாய், அவர்களிடம் என்ன சொல்கிறாய் என்று நான் கேட்பதில்லை.

இதோடு இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். கேமராவின் நினைவட்டையைக் கம்பி வழியாக லோக்கிடம் கொடுத்து அச்சிட்டு வாங்கினேன். ஒன்று நீ கேட்டது, ஜோடி இரண்டும் இருக்கின்றன, நீலம் இல்லை, என் சட்டையும் இல்லை. பெரிய மீன் உயிரோடு இருக்கும் நல்ல படம் வேறு கிடையாது, சட்டம் போடுவதென்றால் அதைப் போடு. இன்னொன்றை லோக் தூக்கிப் போடப் பார்த்தார், "லைட்டு பட்டுக் கெட்டுப்போச்சு டீச்சரம்மா, மீனே இல்ல, உங்க ரெண்டு பேரு மூஞ்சிதான் இருக்கு" என்றார். எனக்கு வேண்டியது அதுதான் என்று வாங்கிக்கொண்டேன். அதைச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார். கீழே மணி மூன்று பதினான்கு என்று கேமராவே பதித்திருக்கிறது, பத்து நிமிடம் முடிய இன்னும் நான்கு இருந்தது. கண்ணாடியில் நான் நேராக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கண் கேமராவில், கையில் மிட்டாய்த் தாள், மடியில் சிவப்புக் கடிகாரம். எனக்குப் பின்னால் மேபல், ஒரு கையில் சூப் குடுவை, மறு கை விளக்கின் சுவிட்சில். அழுகிற முகமா அது என்று நீயே சொல். அதைப் பாக்-ஹினிடம் காட்டினேன், "இப்ப எதுக்கு மம்மி இதெல்லாம், ஒரு மீன்தானே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தான். மீன் செத்ததற்காக நான் அதைக் காட்டவில்லை என்பது உனக்குப் புரியும்.

நாளை வியாழன். மேபல் மேலே வந்து கதவைத் திறக்கும் வரை லோக் கேன்களோடு வெளியே நிற்பார், அந்த இடைவெளியில் இது கம்பிக்கு வெளியே போய்விடும். மிச்சமிருக்கும் சின்ன மீனைப் பற்றிக் கேட்டேன், "பெரிசு போனா சின்னது பெரிசாயிடும் டீச்சரம்மா, தொட்டிக்கு ஒரு அதிகாரி வேணும்ல" என்றார். அது இப்போதே நன்றாகச் சாப்பிடுகிறது.

உனக்கு நல்ல உடலும் நேரான மனமும் நல்ல வேலையும் கர்த்தர் தரட்டும், உன் வாசலைக் காக்கும்படி மாதாவிடம் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன். ஈரத் தலையோடு வெளியே போகாதே, காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடாதே. கையெழுத்திடாதே என்று நான் கெஞ்சவில்லை, உன் வயதில் உள்ளவளுக்கு அதை நான் சொல்லித்தரக் கூடாது. நீ கையெழுத்திட்டாயா இல்லையா என்பதை மட்டும் ஒரே வரியில், உன் கையால், மையால் எழுதி, உறையின் பின்புறம் இருக்கும் லோக்கின் கடை முகவரிக்கு அனுப்பு. தண்ணீரோடு அவர் கொண்டுவந்து தருவார். தொலைபேசி வேண்டாம், எழுதி அனுப்பு.

உன் தாய்,
கோக் மேன்-ஷூன்