இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு ரப்பர் கம்பெனியும்

ஜூன் 4

கம்பெனியின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட அன்று எனக்கு எந்தப் பேய் பிடித்திருந்ததோ. முதல் அத்தியாயம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

நிறுவனர் காலமான பிறகு அவருடைய இரண்டு மாப்பிள்ளைகள்தான் நடத்துகிறார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவர், சின்னவர். செயற்கை ரப்பர் பெரியவர் பொறுப்பு. காகிதத்துக்குப் பூச்சு, டயர் நூலுக்குப் பசை என்று ரசாயனச் சரக்கெல்லாம் சின்னவர் பொறுப்பு. ரப்பர் விலை விழுந்த வருடம் பெரியவரைக் கேட்காமலே சின்னவர் ரசாயனப் பிரிவைத் தொடங்கினாராம். அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஒரே மாடியில் எதிரெதிர் அறை. நடுவில் என் மேசை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சின்னவர் பெயர் வரும் இடத்தையெல்லாம் பெரியவர் அடித்திருக்கிறார். பெரியவர் பெயரைச் சின்னவர் அடித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இந்தக் கம்பெனியை யாருமே நடத்தவில்லை. தானாகவே நடந்திருக்கிறது.

ஜூன் 5

என் வீட்டுக்காரர் அத்தியாயத்தை வாங்கிப் படித்தார். "கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை மூஞ்சிய மட்டும் கத்தரிச்ச மாதிரி இருக்கு" என்றார். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11

நிர்வாக மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் சொன்னார். ஆண்டு விழா முடிந்ததும் கம்பெனி இரண்டாகப் பிரிகிறது. ரப்பர் தனி, ரசாயனம் தனி. அதனால் புத்தகமும் ஆளுக்கு ஒன்று.

"அதே விஷயம்தான் மேடம். கொஞ்சம் மாத்தி எழுதினா போதும்."

கொஞ்சமாம்! "அப்ப மாமனார் ரெண்டு புத்தகத்துலயும் ரெண்டு தடவை சாகணுமா சார்?" என்றேன்.

யோசித்துவிட்டு, "சாவை மட்டும் பொதுவா வெச்சுக்கலாம்" என்றார். அந்த மனிதருக்குக் கிண்டலும் புரியாது.

ரகசியம் எனக்கு முன்பே பேக்கிங் பிரிவுக்குப் போய்விட்டிருக்கிறது. "அக்கா, நாங்க ரப்பரா, ரசாயனமா? யாரை வெச்சுப்பாங்க, யாரை அனுப்புவாங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு என்ன தெரியும்? அந்த முகங்களைப் பார்த்தபின் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 17

பழைய படங்கள் வாங்கப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் இருந்தார் – நிறுவனரின் மூத்த மகள். ஒரு படத்தில் பெரிய இரும்புக் கலன் ஒன்றின் முன்னால் இரண்டு மாப்பிள்ளைகளும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். இவர்களா? இப்படியா?

அந்தம்மா சொன்னார். முதன்முதலில் ரப்பர் காய்ச்சியபோது, பால் மாதிரி வெளியே வரவேண்டியது கலனுக்குள்ளேயே இறுகிப் பாறையாகிவிட்டது. உள்ளே இறங்கி வெட்டித்தான் எடுக்க வேண்டும். புகை இன்னும் அடங்கவில்லை, வேலையாட்களை இறக்கக் கூடாது என்று பெரியவர் தானே உளியோடு இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

"எங்கப்பா கத்துறார், யாரும் கிட்டப் போகலை. என் தங்கச்சி புருஷன்தான் இடுப்புல கயித்தைக் கட்டிட்டுக் குதிச்சார். இவரை மேல ஏத்தி விட்டுட்டு அவர் மயங்கிட்டார். அப்புறம் கயித்தோட அவரை இழுத்தாங்க. மாசக்கணக்கா இருமினார் பாவம். இப்ப ரெண்டும் முறைச்சிக்கிட்டுத் திரியுதுங்க."

"புத்தகத்துல போடலாமாம்மா?"

"போடும்மா. நானும் தங்கச்சியும் ஒளிஞ்சு ஒளிஞ்சு போன்ல பேசிக்க வேண்டியிருக்கு. இந்த வயசுல!"

ஜூன் 18

கலனுக்குள் நடந்ததை எழுதிவிட்டேன். இரண்டு புத்தகத்துக்கும் ஒரே பக்கம்தான். மாப்பிள்ளைகள் இருவர் பெயரோடும். இரண்டு அறைக்கும் அனுப்பியாயிற்று.

ஜூன் 23

வந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தைத்தான் முழுசாக அடித்திருக்கிறார்கள்! இத்தனை வருடத்தில் இவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும். பெரியவர் 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறார். சின்னவர், 'செய்ததைச் சொல்லிக் காட்டுவது அழகல்ல' என்று.

அழகாம் அழகு. ஊரே ரெண்டுபடப் போகுது, இவங்களுக்கு அழகு ஒரு கேடு.

ஜூன் 24

மேலாளரிடம் சொல்லிவிட்டேன்: அந்தப் பக்கத்தை எடுத்தால் என்னையும் எடுத்துவிடுங்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேரும் நேரில் வந்து, இப்படி நடக்கவேயில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

சொல்லிவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன். வேலை போனால்? மகளின் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஜூன் 26

பெரியவர் வந்தார். நிஜமாகவே வந்தார். என் மேசை முன்னால் நின்றுகொண்டு, "நான் ஒண்ணும் மயங்கி விழலை. கால் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்" என்றார்.

எதிர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து குரல்: "வழுக்கினவர் எதுக்குக் கண்ணை மூடிட்டு 'அம்மா அம்மா'ன்னு முனகினாராம்?"

பெரியவர் திரும்பவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார்: "கயித்தைச் சரியா கட்டத் தெரியாம இறங்கினது யாருன்னு கேளும்மா."

"கட்டினேன். உங்களைத் தூக்கினதுல தளர்ந்துபோச்சு. உங்க எடைக்கு எந்தக் கயிறு தாங்கும்?"

டைப் அடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பெரியவர் மெல்லத் திரும்பினார்.

"அந்த இருமல்... இப்ப இருக்கா?"

சின்னவர் வாசலில் வந்து நின்றார். "குளிர் காலத்துல வரும்."

"உட்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஜூலை 2

வேலையே ஓடவில்லை. காலையில் வந்து என் மேசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கலனின் வாய் எந்தப் பக்கம் இருந்தது, ஏணி மரமா இரும்பா, முதலில் கத்தியது மாமனாரா மேஸ்திரியா – எல்லாவற்றுக்கும் சண்டை. அடிப்பதை விட்டுவிட்டு இப்போது ஆளுக்கு ஆள் சேர்க்கிறார்கள். யார் படிப்பார்கள் இதையெல்லாம்?

பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வக்கீல் வந்து காத்திருந்தார். மேலாளர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவர் தலையே நிமிரவில்லை. காகிதத்தில் ஏணியை வரைந்துகொண்டிருந்தார்.

"இன்னொரு நாள் பாக்கலாம்னு சொல்லுங்க" என்றார் சின்னவர். "ஏணி அப்படி இல்லை, இப்படிக் கொடுங்க."

எனக்கு உட்கார இடமில்லை. ஜன்னலோரமாக நின்றபடி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.