மஞ்சள் தூளும் வெள்ளைத் தூளும்

செயின்ட் லூயிஸ்
3 பிப்ரவரி 1982

மெர்ல்,

விவாகரத்துக்குப் பிறகு ‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. நீ அனுப்பிய இரண்டாவது பாட்டில் வேலை செய்யவில்லை. முதல் பாட்டிலின் மஞ்சள் தூளுக்குக் கினிப் பன்றியின் மூச்சுக்குழல் வளையம் அழகாக விரிந்தது. இந்த வெள்ளைத் தூளுக்கு அசையக்கூட இல்லை. மார்ச்சில் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்கப் போவது இதைத்தானே? என்ன அனுப்பினாய், மைதா மாவா?

ஆர்லீன்

லாரன்ஸ், கான்சாஸ்
9 பிப்ரவரி

ஆர்லீன்,

இரண்டும் ஒரே மருந்து. முதலாவது என் மாணவி விவியன் அவசரப்பட்டு அழுக்கோடு அனுப்பியது. அவளை அன்றே விரட்டிவிட்டேன். இரண்டாவதை நானே திரும்பத் திரும்பப் படிகமாக்கிச் சுத்தம் செய்தேன். செத்த தசையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்மேல் பாய்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். நம் மகள் டோரிஸுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறது. மார்ச் சோதனைக்குத் தன் பெயரையும் கொடுத்திருக்கிறாள்.

மெர்ல்

செயின்ட் லூயிஸ்
15 பிப்ரவரி

மெர்ல்,

டோரிஸா? உனக்குப் பைத்தியமா?

ஒரே விலங்கின் இரண்டு வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு விரிந்தது, வெள்ளைக்கு இல்லை. பிறகு வெள்ளை போட்ட வளையத்தில், எப்போதும் மூச்சுக்குழலை விரிக்கிற அட்ரினலினை ஊற்றினேன். அதற்கும் விரியவில்லை. தசையில் மருந்து வந்து உட்கார வேண்டிய இடமான ஏற்பியில் உன் வெள்ளைத் தூள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தானும் ஒன்றும் செய்யாது, வேலை செய்ய வருகிறவரையும் உட்கார விடாது. உன்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஆய்வகமே தேவையில்லை.

இழுப்பு வரும்போது எந்த மருந்தும் பலிக்காமல் நம் பெண் மூச்சடைத்துச் சாவாள். நீ கழுவி ஊற்றினாயே, அந்த மஞ்சள் அழுக்குதான் மருந்து. “மஞ்சளா இருந்தா அது மருந்தில்லடா, மூத்திரம்!” என்று மாணவர்களிடம் கத்துவாயே, இப்போது கத்து பார்ப்போம். சோதனையை நிறுத்து. இல்லையென்றால் சோதனை நடத்தும் மருந்துக் கம்பெனிக்கு நானே எழுதுவேன்.

ஆர்லீன்

லாரன்ஸ்
24 பிப்ரவரி

ஆர்லீன்,

நிறுத்தியாகிவிட்டது. உன் செயின்ட் லூயிஸ் ஆய்வகத்தின் முடிவுகளை நம்ப முடியவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறேன். உனக்காக என் பெயரைக் கெடுத்துக்கொள்ள முடியாது. டோரிஸிடமும் அப்படித்தான் சொன்னேன். மஞ்சளில் மீதி இருப்பதை உடனே அனுப்பு. அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் துளிகூட இல்லை.

மெர்ல்

செயின்ட் லூயிஸ்
2 மார்ச்

மெர்ல்,

டோரிஸ் போன் செய்தாள். “ஏம்மா, நீதான் சொதப்பிட்டியாமே?” என்றாள். “ஆமாடி, சொதப்பிட்டேன். இன்ஹேலர் பையில இருக்கா?” என்றேன். இழுப்பில்லாமல் சிரித்தாள். உன் பொய் எனக்கு வலிக்கிறது, ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டேன்.

மஞ்சள் வராது. விவியன் இங்கே பக்கத்து ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறாள். பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் செய்த மருந்து, அதில் இருப்பதை அவளே கண்டுபிடிக்கட்டும்.

நீ உன் வெள்ளைத் தூளைப் போல உட்கார்ந்திரு.

ஆர்லீன்