வாங்க மறுத்த பங்கு

தம்பி,

உறைமேல் முகவரி எழுதியது எதிர்வீட்டு டீச்சர். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாய்.

உன்னை வீட்டைவிட்டு விரட்டிய அப்பா, உன் பங்கை டிரஸ்டில் போட்டு, என்னைப் பொறுப்பாக வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். திட்டுவதென்றால் ஊரைக் கூட்டுவார். கொடுப்பதென்றால் மூச்சுவிட மாட்டார். உனக்குத் தெரியாததா?

இதை உனக்குத் தெரிவிப்பது என் கடமை, அவ்வளவுதான். அனுப்பிய பதிவுத் தபால்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

"வேண்டாம்னாலும் அதை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்மா" என்கிறார் வக்கீல்.

அப்படியே எழுதி அனுப்பு. டைப் அடிக்காதே.

திரும்பி வந்த உறைகளில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தது. தபால்காரர் எழுத்துதான். உன்னுடையதாக இருக்குமோ என்று ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அக்கா