இரண்டாவது பொத்தான் உயரத்தில் ஒரு காதல் பாட்டு

பிரியத்துக்கும் திட்டுக்கும் உரிய என் மாப்ள சரவணனுக்கு,

செத்தவன் மேல் கோபப்படக் கூடாதாம். எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய் எட்டு மாதமாகிறது, நானும் பொறுத்துத்தான் பார்த்தேன். நேற்று ஓடைப்பட்டியில் உங்கள் தோட்டத்துத் திராட்சைப் பந்தலில் என் நெற்றி இடிபட்டதற்குப் பிறகு முடியவில்லை. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, வரிசைக்கு வரிசை இடி. எல்லாம் நீ எழுதி வைத்த நோட்டால் வந்தது.

நம் இசைக்குழுவுக்கு நீ எழுதிய பாட்டுக்கு நீயே வீடியோ திட்டமும் போட்டிருந்தாய் என்று எங்களுக்குத் தெரியும். எங்கே வைத்தாய் என்றுதான் தெரியவில்லை. போன வாரம் உன் அப்பா கல்லூரிக்கே வந்து அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். முன்பக்கம் எந்த வரிசைக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று அவர் கையெழுத்து. பின்பக்கத்தைத் திருப்பினால் நீ படம் படமாக வரைந்து வைத்த இருபத்து மூன்று ஷாட். ஏன்டா, உலகத்தில் வேறு நோட்டே கிடைக்கவில்லையா உனக்கு?

ஒவ்வொரு படத்திலும் ஹீரோ பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நடக்கிறான். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குலை குலையாகப் பன்னீர் திராட்சை. எதிரே கொண்டையில் டிரம் குச்சி செருகிய ஒரு பெண். நம் கூட்டத்தில் கொண்டையில் குச்சி செருகிக்கொண்டு திரிவது டிரம் வாசிக்கிற ரோஸ்லின் ஒருத்திதான். இருக்கிற ஒரே பெண் அவள் என்பதால் அவளை வரைந்திருப்பாய் என்று நினைத்தோம். பாடுகிறவன் நான் என்பதால் ஹீரோவும் நான்தான் என்று நினைத்தோம். அதாவது நான் நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் கல்லூரி முழுக்கச் சொல்லி, புதிதாக ஒரு கறுப்புச் சட்டையும் வாங்கிவிட்டேன். கேன்டீன் அக்காவுக்குக்கூடத் தெரியும், பாண்டிதான் ஹீரோ என்று.

கலைவிழா அடுத்த வாரம். உங்கள் தோட்டத்தில் பழம் வெட்டு நாளை மறுநாள். வெட்டிவிட்டால் பந்தலில் இலைதான் மிஞ்சும், உன் இருபத்து மூன்று ஷாட்டும் போச்சு. நாளைக் காலை ஒரு பொழுதுதான் எங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் நேற்று நானும் ரோஸ்லினும் இடம் பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் உன் அப்பா பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். நாலு வரிக் காதல், மீதி மூன்று நிமிடம் கிடாரும் என் தொண்டையும் போடுகிற கூச்சல், அதைப் போய் அவரிடம் எப்படிப் போட்டுக் காட்டுவது? கடைசி வரை அசையாமல் கேட்டார்.

“காதல் பாட்டுன்னு சொன்னீக. எதுக்குத் தம்பி இம்புட்டுக் கோவமாப் பாடுறீக?” என்றார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், ஆரம்பத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பாட்டு தொடங்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நீ எண்ணுவாயே, அந்த இடம். மூன்று தடவை போட்டோம். பாட்டை அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

ஏழாவது ஷாட்டில் ‘ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் அடித்துப் பனிமூட்டம்’ என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் அவருக்கு வந்ததே கோபம். வெட்டுக்கு முந்தின நாள் தண்ணீர் பட்டால் பழம் வெடித்துவிடும், தோட்டக்காரன் மகனுக்கு இதுகூடத் தெரியாதா, கூறுகெட்ட பயல் என்று நீ பக்கத்தில் நிற்பது போலவே திட்டினார். திட்டி முடித்துவிட்டு மோட்டார் ரூமுக்குள் போனவர் வெளியே வரக் கொஞ்ச நேரமானது. நாங்கள் இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு பந்தலுக்குள் கூட்டிப் போனார். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதே, அது கலையாமல் இருந்தால்தான் வியாபாரி நல்ல பழம் என்பானாம். அதனால் தொடக் கூடாது, உரசக் கூடாது. எனக்கு ஆறடி இரண்டங்குலம். தொடாமல் உரசாமல் நான் எங்கே போவது? இந்தக் குலைக்குக் குனிந்தால் அடுத்த குலை, குலைக்குத் தப்பினால் கல்தூணுக்கு மேல் ஓடுகிற கம்பி. முதுகை வளைத்து, முழங்காலை மடக்கி, முகத்தில் மட்டும் காதலை வைத்துக்கொண்டு ஹீரோ நடை நடந்து காட்டினேன். ரோஸ்லின் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். இடுப்புப் பிடித்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இருந்தது.

பந்தல் ஏன் இவ்வளவு தாழ்வு என்று எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

“எங்க உசரத்துக்குப் போட்டதுதான தம்பி. எம்மவன் நின்னா முட்டாது” என்றார் உன் அப்பா.

சாதாரணமாகத்தான் சொன்னார். ரோஸ்லின் நோட்டைப் பிரித்தாள். படத்தைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டு வரிசைக்கு நடுவில் நிற்கச் சொன்னாள். அவர் தோளில் துண்டோடு நிமிர்ந்து நின்றார். தலைக்கும் குலைக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

அடப் பாவி. ஹீரோ நீதானா?

நாலு வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னை முன்னால் தள்ளிவிட்டு, கடைசியில் நான் நுழையவே முடியாத ஒரு இடத்தைப் பார்த்துக் கதை எழுதியிருக்கிறாய். அந்தப் பாட்டு யாருக்கென்று நாங்கள் கேட்ட போதெல்லாம் பேச்சை மாற்றினாயே, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நானே போய் அவளிடம் பேசியிருப்பேன். சொதப்பியிருப்பேன், அது வேறு விஷயம்.

ரோஸ்லின் அழவில்லை. வெகுநேரம் கொண்டையிலிருந்த குச்சியை உருவி உருவிச் செருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்னாள், வரப்பில், வெட்டவெளியில். உன் கண் என் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேராக வரும் என்று நாம் எத்தனை தடவை அளந்து சிரித்திருக்கிறோம்? அந்தப் பொத்தானில் விரலை வைத்தாள்.

“கேமரா இங்கன இருக்கட்டும். ஹீரோவக் காட்ட வேணாம். சரவணன் பாத்துக்கிட்டே நடந்து வரட்டும்.”

உன் கடைசி ஷாட்டுக்குக் கீழே ‘அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்’ என்று எழுதியிருக்கிறாய், பயந்தாங்கொள்ளி. அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள்.

“நான் திரும்பிப் பாப்பேன். இவனா எப்படி முடிவு பண்ணான்?” என்றாள்.

ஆக, கல்லூரி முழுக்கச் சொல்லி வைத்த ஹீரோ நாளைக்கு ஒரு பிரேமில்கூட வரமாட்டான். பரவாயில்லை. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவேன், அளவுக்குப் பொத்தான் வேண்டுமே. முழங்காலை மடக்கி, மடங்கிய அளவுக்குக் கேமராவைப் பொத்தானுக்கு மேலே தூக்கிப் பிடித்து, இருபத்து இரண்டு ஷாட்டும் உன் கண் உயரத்திலேயே நடப்பேன். பனிமூட்டம் மட்டும் கிடையாது, உன் அப்பாவை மீறி என்னால் முடியாது. ஒரு பழத்தின் சாம்பலும் கலையாது. கேமரா ஆடாது. இது சத்தியம்.

நீயும் எனக்கு ஒன்று செய். அவள் திரும்பிப் பார்க்கும்போது வழக்கம் போலக் கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யாதே. நிமிர்ந்து நில், மாப்ள. அந்தப் பந்தலுக்குள் உனக்கு முட்டாது.

நெற்றியில் மஞ்சள் பற்றுடன்,
உன் மாப்ள,
நெட்டைப் பாண்டி