கருப்புக் கோடு போட்ட ஓடை

7.10.96, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். பிளஸ் டூ ஜியாகரபி, சமஉயரக் கோடுகள், மூன்றாவது நாளாக. வளைவின் முனை உயரமான பக்கம் பார்த்தால் ஓடை, தாழ்ந்த பக்கம் பார்த்தால் மேடு. இவ்வளவுதான். பாதிப் பேர் மேட்டில் தண்ணீரை ஓட விட்டிருக்கிறார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் டீச்சர் இருக்குது" என்கிறாள் கடைசி பெஞ்ச் பெண். தொண்டை போய்விட்டது.

வாங்க: துவரம் பருப்பு, சிவப்பு ரீஃபில். கேஸுக்குச் சொல்ல வேண்டும்.

8.10, செவ்வாய்

டெஸ்ட் வைக்க நம்ம ஊர் டோப்போ ஷீட்டையே, சமஉயரக் கோடு போட்ட சர்வே மேப்பை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய சர்வே. கலெக்டர் ஆபீஸ் அதில் இல்லை. வேலூர் ரோடு இருக்கிறது, வேங்கிக்கால் ஏரி இருக்கிறது. நாங்கள் அட்வான்ஸ் கொடுத்திருக்கும் மனை எங்கே வரும் என்று சும்மா தேடினேன். மலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஓடையின் மேலேயே வருகிறது. கோடுகள் எல்லாம் மலையைப் பார்த்து வளைகின்றன. ஸ்கேல் வைத்து மறுபடியும் பார்த்தேன். அதே இடம்தான்.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் காட்டினேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆறு, ஓடையெல்லாம் நீலமா இல்ல இருக்கும். இது கருப்பா இருக்குது."

"வறண்ட ஓடைய கருப்புலதாங்க போடுவாங்க. மழை பேஞ்சா ஓடும்."

"வறண்ட ஓடைன்னு நீயே சொல்ற. அதையும் மண்ணு ரொப்பி மனைக்கல்லு நட்டுட்டாங்க. அப்புறம் இன்னா?"

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

10.10, வியாழன்

தலைவலி. கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்துவிட்டார்கள், இவருடைய அம்மா. நாளை ரிஜிஸ்ட்ரேஷன். அத்தையின் மல்லாக்கொட்டை நிலத்தை விற்றுத்தான் இந்த மனை. இவரிடம் நேற்றும் சொன்னேன். "வீட்டுலயும் கிளாஸ் எடுக்காத" என்றார். அத்தையிடமாவது சொல்லிப் பார்க்கலாமென்று காய் நறுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்த மனை தண்ணி வர்ற வழிங்க அத்தை."

"வரட்டுமே. தண்ணியில்லாமதானம்மா நெலத்தையே வித்தேன்."

ஊதுகிற சங்கை ஊதியாயிற்று. கோபம்கூட வரவில்லை, அசதிதான் வருகிறது.

11.10, வெள்ளி

ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. பத்திரம் என் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். எந்த மாமியார் செய்வாள்? அழுகை வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

டெஸ்ட் பேப்பர் ஒரு கட்டு அப்படியே கிடக்கிறது.

24.10, வியாழன்

இரண்டு நாளாக நல்ல மழை, இன்று வெயில். வாஸ்து நாள், பூமி பூஜை. லீவு போட்டேன். நாளை மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம், பஸ்ஸில் இப்போதே நெரிசல்.

பூஜை முடிந்ததும் கட்டட வேலைக்கென்று கிணறு தோண்ட ஆட்கள் இறங்கினார்கள். ஓர் ஆள் மட்டம்கூடப் போகவில்லை, ஊற்று. மேஸ்திரிக்கு ஒரே ஆச்சரியம். "ராசியான மனை சார். அவனவன் எவ்ளோ ஆழம் போர் போட்டாலும் புழுதிதான் வருது." இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் மேப்பு இன்னா சொல்லுது இப்ப?"

பேஸ்மெண்ட்டை ஜாஸ்தி தூக்கிக் கட்டச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டேன். ரோடு மட்டம் போதும் என்று இவரே பதில் சொல்லிவிட்டார்.

அத்தை குடத்தில் மொண்ட முதல் தண்ணீரைக் கையில் அள்ளி என் தலையில் தெளித்தார்கள். அவர்கள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"உன் பேர்ல வாங்குன ராசிதாம்மா."

"ஆமாங்க அத்தை" என்றேன்.