எனக்குக் காய்ச்சல் இல்லை

அன்பு மகளுக்கு,

நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போனில் பேசினால் வழக்கம்போல எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பிரசவத்துக்கு நான் வராததற்குக் காய்ச்சல் காரணம் இல்லை. எனக்குக் காய்ச்சலே வரவில்லை. பாப்பாவுக்குத் தைத்த துணிகளையெல்லாம் பையில் அடுக்கி வைத்திருந்தேன். கிளம்ப வேண்டிய காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கை கால் நன்றாகத்தான் இருந்தன. எழத்தான் முடியவில்லை. ரயில் போய்விட்ட பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, நூற்றிரண்டு டிகிரி என்றேன். குழந்தைக்குத் தொற்றிவிடும், நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்று அந்த நல்ல மனிதர் எனக்கே ஆறுதல் சொன்னார். போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அதற்கு முன்பே இரண்டு மூன்று மாதமாக இப்படித்தான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உன் அப்பா போனபோதுகூட இரண்டே வாரத்தில் வேலைக்குத் திரும்பியவள் நான். இப்போது ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் குளிப்பது மலையேறுவது போல ஆகிவிட்டது. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, பகலெல்லாம் போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பசித்தால் பிஸ்கட். பாப்பா பிறந்த பிறகு நீ அனுப்பிய படங்களைக்கூடச் சரியாகப் பார்க்காமலேயே அழகு, அழகு என்று பதில் போட்டேன்.

ஒரு வார்டையே மேய்க்கிற தலைமை நர்ஸ் நான். எத்தனை பேரை, எழுந்து நாலு அடி நடங்க, மனசு தானா சரியாகும் என்று விரட்டியிருக்கிறேன். பாட்டு டீச்சர் ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். நடிக்கிறாள் என்று மற்ற நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

என் லீவு நீண்டுகொண்டே போனதும், எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிற பெண் வீடு தேடி வந்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் ஊருக்கே லிஃப்ட் அக்கா. நாலு நாள் மாற்றாத நைட்டி, சிக்குப் பிடித்த தலை, தொட்டியில் நாறிய பாத்திரம். கதவைச் சாத்தப் பார்த்தேன். அவள் உள்ளே வந்து, நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு வருடம் இப்படி இருந்ததாம்.

“இப்பவும் மாத்திரை போடுறேன் சிஸ்டர். நீங்களும் டாக்டரைப் பாருங்க. இன்னைக்கு மூஞ்சிய மட்டும் கழுவிட்டு வாங்க, தெருமுனை வரைக்கும் போவோம்.”

கழுவிக்கொண்டு போனேன். அந்த நூறு அடி தூரத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலை குனிந்தே நடந்தேன்.

மனநல டாக்டர், பயிற்சிக்கு வந்த நாளில் என்னிடம் திட்டு வாங்கிய பையன். அவன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மாத்திரை எழுதித் தந்தான். அதோடு சேர்த்துச் செய்யச் சொன்னதெல்லாம் நான் மற்றவர்களுக்கு ஒப்பித்ததுதான். ஒரே நேரத்தில் எழுவது, வேளைக்குச் சாப்பிடுவது, போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது, தினமும் ஒருவரிடமாவது பேசுவது. சொல்ல எவ்வளவு சுலபம் பார். இப்போது தினமும் காலை ஆறேகாலுக்கு லிஃப்ட் அக்கா கீழே வந்து நிற்பாள். தபாலாபீஸ் வரை நடக்கிறோம். நாள் முழுக்க வண்டி ஓட்டியும் எந்த ஊருக்கும் போய்ச் சேராத டிரைவர் நான்தான் என்றாள் ஒருநாள். பல வாரம் கழித்து அன்று சிரித்தேன். போன செவ்வாய் மறுபடி எழவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனாள். புதனும் வந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் உனக்குச் சொல்லாமலே விட்டிருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன்னைப் பார்த்தேன். பாப்பா அழுதது, மாப்பிள்ளை தூக்கிக்கொண்டார். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்றாய். வெறும் தூக்கமாகவே இருக்கட்டும். இல்லையென்றால், பிள்ளை பெற்றவளுக்கு இது வருவதுண்டு கண்ணு. உன் தப்பு இல்லை. என்னை மாதிரி மூடி மறைக்காதே. மாப்பிள்ளையிடம் சொல், அங்கே ஒரு டாக்டரைப் பார்.

என்னிடமும் சொல்லலாம். வரட்டுமா என்று கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். நீ வா என்றால் வருவேன். வேண்டாம் என்றாலும் அதை உன் வாயால் சொல், உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா